ஆராய்ச்சித் தலைமையும் ஆண்டைத்தனமும்

நமது நாட்டில் ஒருவர் பெரிய பதவிக்கு வந்துவிட்டால் ஜனங்கள் உடனே கேட்கிற கேள்விகள் இரண்டுதான். ஒன்று, அவர் என்ன ஜாதி? மற்றொன்று, அவருக்கு என்ன ஜாதகம்? அவர் செய்த வேலை என்ன, அதை எப்படிச் செய்தார் என்பதை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. தென்காசி ஜில்லாவாசிகளாகிய நாம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று நமக்குக் கிடைத்தும், மாலை போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

2023ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 2ந் தேதி சூரியனை ஆராய்வதற்காக ஆதித்யா எல்-1 என்ற விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிற்று. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் சென்று, 2024 ஜனவரி 6ந் தேதி தனக்குக் குறித்த இடத்தில் போய் நின்றது. அந்த வேலை முழுவதற்கும் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அம்மையார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். செங்கோட்டை சர்க்கார் பெண்கள் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி சர்க்கார் என்ஜினீயரிங் கல்லூரியில் தேறி, 1987இல் விண்வெளி ஸ்தாபனத்தில் சேர்ந்தவர். சாஸ்திரங்கள் என்று சொல்லப்படுபவைகளின்படி பார்த்தால் இவருக்கு எத்தனை தடைகள்! பெண், முஸ்லிம், கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. இவ்வளவு இருந்தும் சூரியனை நோக்கி ஒரு யந்திரத்தை அனுப்பும் கூட்டத்திற்குத் தலைவியாக இருந்திருக்கிறார்.

இதில் தலைமை என்பது என்ன? நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதுதான் தலைமை என்று நம்மில் அநேகர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அந்தக் கலத்தில் இருப்பவை ஏழு கருவிகள். நான்கு சூரியனை நேரே பார்ப்பவை. மூன்று அங்கே வந்து மோதும் துகள்களையும் காந்தப் புலத்தையும் அளப்பவை. ஒரு கருவி பெங்களூர் வான இயற்பியல் கழகத்தில் செய்தது, ஒன்று புனாவில் செய்தது, ஒன்று ஆமதாபாத்தில், ஒன்று திருவனந்தபுரத்தில். ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் தங்கள் கருவியே பிரதானம். ஒருவர் இன்னும் கொஞ்சம் எடை வேண்டும் என்பார். மற்றொருவர் இன்னும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும் என்பார். மூன்றாமவர் இன்னும் ஆறு மாதம் தவணை வேண்டும் என்பார். கலத்தின் எடையோ ஏறக்குறைய 1,480 கிலோதான். யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட வேண்டும். யார் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்லப்பட்டவர் கோபித்துக் கொண்டு போய்விடாமல் மறுநாளும் வேலைக்கு வர வேண்டும். இதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி நிர்வாகம். இந்தக் கலத்தின் யோசனை 2008 வாக்கில் பூமியைச் சுற்றி வரும் ஒரு சிறிய துணைக்கோளாகத்தான் இருந்தது. பிறகு வளர்ந்து, மாறி, பறப்பதற்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று. அத்தனை வருஷம் பலபேர் வேலையைச் சிதறாமல் ஒரு முகப்படுத்துவது மந்திரத்தால் ஆகிற காரியமா?

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அந்த ஏழில் பிரதானமான கருவி என்ன செய்கிறது தெரியுமா? சூரியனின் வட்டத்தை ஒரு மறைப்பால் மறைத்துவிட்டு, சுற்றியுள்ள மங்கலான ஒளியை மாத்திரம் பார்க்கிறது. அதாவது, கிரகணத்தை அது தானே உண்டாக்கிக் கொள்கிறது. நமது வீடுகளிலோ கிரகணம் என்றால் அடுப்பை அணைக்கிறார்கள்; தர்ப்பையைத் தேடுகிறார்கள்; கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் போட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்; கோயில் சாமியையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். செங்கோட்டைப் பெண்மணி தலைமை வகித்த கூட்டம் தினந்தோறும் கிரகணம் உண்டாக்கும் யந்திரத்தை ஆகாயத்தில் நிறுத்தியிருக்கிறது. எந்தப் பாம்பும் வந்து எதையும் விழுங்கவில்லை. அந்தக் கருவியைச் செய்த அறைக்குள் வாசனைத் திரவியம் பூசிக் கொண்டு போகக்கூடாது என்று தடை இருந்தது. சந்தனமும் கற்பூரமும் இல்லாமலேயே காரியம் நடந்தது.

நிற்க. "அதெல்லாம் பிறவியிலேயே புத்தி உள்ளவர்களுக்கு வரும், எல்லாருக்கும் வருமா?" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். இவர்களுக்கு அமெரிக்காவிலேயே ஒரு குரு இருந்தார். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்ததற்காக 1956இல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்து கொண்ட ஷாக்லி என்பவர். மகா மேதாவிதான், சந்தேகமில்லை. அவர் அதே காலத்தில் ஒரு ஆராய்ச்சிச் சாலை ஆரம்பித்துக் கெட்டிக்கார வாலிபர்களைச் சேர்த்தார். சேர்த்தவர்களை நம்பவில்லை, தம் வார்த்தைக்கு மறுவார்த்தை பொறுக்கவில்லை. 1957இல் எட்டுப் பேர் ஒரே கூட்டமாக வெளியேறினார்கள். அவர்கள் ஆரம்பித்த ஃபேர்சைல்ட் ஸ்தாபனம் கிளை விட்டு, அவர்களில் இருவர் 1968இல் இன்டெல் கம்பெனியை ஸ்தாபித்தார்கள். ஷாக்லியின் ஸ்தாபனமோ ஒரு லாபமும் காணாமல் அஸ்தமித்தது. பிற்பாடு அந்த மனிதர் என்ன செய்தார்? நீக்ரோக்களுக்குப் பிறவியிலேயே புத்தி குறைவு என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். நம் ஊர் மனுவுக்கும் அவருக்கும் பாஷைதான் வித்தியாசம். கூட இருக்கிறவன் புத்தியை மதிக்கத் தெரியாதவன் ஒரு கூட்டத்தை நடத்த முடியாது என்பதற்கு இதைவிட ருஜு வேறென்ன வேண்டும்?

நம் நாட்டிலும் உதாரணத்திற்குப் பஞ்சமில்லை. 1972ஆம் வருஷம் டெல்லி விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் வினோத் ஷா என்ற விஞ்ஞானி மேலதிகாரத்தின் நடத்தையையும் பதவி உயர்வில் நடந்த அநீதியையும் எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டார். மேலே இருப்பவர்களின் எண்ணத்திற்கு ஏற்றபடி கணக்குகள் தயாராகின்றன என்பதும் அதில் ஒரு புகார். அதன் பிறகுதான் முன்னாள் பிரதம நீதிபதி கஜேந்திர கட்கர் தலைமையில் விசாரணைக் குழு ஏற்பட்டது. ஆள் எடுப்பதற்குத் தனி போர்டும் வந்தது. ஒரு உயிர் போன பிறகுதான் விதி திருந்த வேண்டுமா?

இதற்கு நேர்மாறானதும் உண்டு. 1979 ஆகஸ்டு 10ந் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்டத்தின் தலைவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் நின்று பொறுப்பை ஏற்றுக் கொண்டவரோ ஸ்தாபனத்தின் தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருஷம் ஜூலை 18ந் தேதி அதே ராக்கெட் ஜெயித்தபோது, பேசும்படி கலாமை அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக் கொண்டார். நமது மடாதிபதிகளிலும் மிராசுதாரர்களிலும் இப்படி ஒருவரைக் காட்ட முடியுமா?

ஆனால் அதே ஸ்தாபனத்தின் தலைவர்கள் ராக்கெட் விடும் முன் அதன் சிறிய பொம்மையை எடுத்துக் கொண்டு திருப்பதிக்குப் போகிறார்கள். 2019இல் சந்திரயான்-2க்கும் போனார்கள். 2023இல் சந்திரயான்-3க்கும் போனார்கள். முதலாவதின் இறங்குகலம் செப்டம்பர் 7ந் தேதி சந்திரனில் மோதி நொறுங்கிற்று. இரண்டாவது ஆகஸ்டு 23ந் தேதி பத்திரமாக இறங்கிற்று. சாமி ஒன்று, மலை ஒன்று, பொம்மையும் ஏறக்குறைய ஒன்று. பின் ஏன் வித்தியாசம்? நடுவில் நான்கு வருஷம் எங்கே தப்பு நடந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளை அதிகமாக்கினார்கள், அரைக் கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை நாலு கிலோமீட்டருக்கு இரண்டரையாக விரித்தார்கள். எதெது கெடலாம் என்பதை முதலில் எழுதி வைத்துக் கொண்டு கலத்தைக் கட்டினார்கள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோவில் ஆரம்பித்தவர். ஜெயம் அவருடைய கூட்டத்தின் உழைப்பால் வந்தது. அதில் பங்கு கேட்க வெங்கடாசலபதிக்கு என்ன பாத்தியதை?

இனி நம் பக்கத்து ஊர் விஷயம். தென்காசிக்கருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ கம்பெனி நடக்கிறது. அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் கம்பெனித் தலைமையை விட்டு ஆராய்ச்சிக்குத் தலைமை விஞ்ஞானியாகப் போனார். அவருடைய மற்ற அபிப்பிராயங்கள் பலவற்றோடு நமக்குச் சண்டை உண்டு. அதை வேறொரு நாள் வைத்துக் கொள்வோம். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்து, சம்பளம் போலப் பணமும் கொடுத்துப் பழக்கும் பள்ளியை 2004இலேயே ஆரம்பித்தது நல்ல காரியம். பட்டத்தைப் பூணூலாக்கி வைத்திருக்கும் நாட்டில் அது ஒரு உடைப்பு. 2025 மே மாதம், 70 கோடி டாலர் போடுவதாக இருந்த சில்லுத் தொழிற்சாலைத் திட்டத்தை, தொழில்நுட்பத்தில் நம்பிக்கை ஏற்படவில்லை என்று சொல்லி நிறுத்தியதையும் நாம் குறை சொல்ல மாட்டோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் ஆராய்ச்சிக்காரன் யோக்கியதை. ஆயினும் நாம் கேட்பது ஒன்று. உள்ளே நுழைவது வேறு. தலைமைக்கு வருவது வேறு. அப்படிப் பழகிய கடையநல்லூர்ப் பெண்ணும் ஆலங்குளத்துச் சேரிப் பையனும் எத்தனை பேர் இன்று ஆராய்ச்சிக் கூட்டங்களுக்குத் தலைவர்கள்? ஜாதிவாரி, ஆண் பெண் வாரியாக அந்தக் கணக்கை வெளியிடட்டும். ஜோஹோ மாத்திரமல்ல, பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சி ஸ்தாபனமும் வெளியிடட்டும். பெரிய தொழில்நுட்பக் கழகங்களில் தாழ்த்தப்பட்டவரும் பழங்குடியினருமான பேராசிரியர்கள் நூற்றுக்கு ஒருவர் கூடத் தேறவில்லை என்று 2023இல் நேச்சர் என்ற விஞ்ஞானப் பத்திரிகையே எழுதிற்று.

"சர்க்காரிடம் பணம் ஏது?" என்பார்கள். 2020-21இல் இந்த நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64. தென் கொரியாவோ நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து செலவிடுகிறது. கும்பாபிஷேகத்திற்கும் தேர்த் திருவிழாவிற்கும் பணமில்லை என்று யாராவது சொல்லி நாம் கேட்டதுண்டா?

2027ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2ந் தேதி மாலை நமது பக்கத்தில் பாகச் சூரிய கிரகணம். குற்றாலத்தில் சாரல் காலம். மேகம் விட்டால் பார்க்கலாம். தென்காசி, செங்கோட்டைத் தோழர்கள் அன்று பள்ளிப் பெண்களைத் திரட்டி மைதானத்திற்கு வர வேண்டும். சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த வடிகட்டிக் கண்ணாடி இப்போதே சொல்லி வைக்க வேண்டும். வெறுங்கண்ணாலோ கருப்புக் கண்ணாடியாலோ பார்த்தால் கண் போய்விடும். ஏற்பாட்டுக் கமிட்டிக்குத் தலைவியாக ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணையே போடுங்கள். கணக்கு, பணம், ஆள் மூன்றையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் இல்லை என்று சொன்னால் பெரியவர்கள் பேசாமல் இருங்கள்.