சுத்தியல் விழும் ஒரு விநாடி

புதுவாயல் கூட்டுச்சாலையைத் தாண்டி கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் டிரெய்லர்களில் இரும்புத் தகட்டுச் சுருள்களைச் சங்கிலி போட்டு இறுக்கியிருப்பார்கள். டிரைவர் பிரேக் அடித்தால் வண்டி நிற்கும். சங்கிலி தளர்ந்திருந்தால் சுருள் நிற்காது. நியூட்டனின் முதல் விதியை இந்த வட்டாரத்தில் யாருக்கும் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அதே சுருள் கார்ட்டூனில் ஒரு பூனை மேல் ஏறினால், பூனை அப்பளமாகத் தட்டையாகும். பிறகு உடம்பை உதறிக்கொண்டு எழுந்து ஓடும். பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டியவர் ராத்திரி அறைக்கு வந்து செல்போனில் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை வெறும் பொழுதுபோக்கு என்று இலக்கியக்காரர்கள் ஒதுக்குவது நமக்குச் சம்மதமில்லை. எடையைக் கையால் அறிந்தவரின் சிரிப்பு அது.

2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழும் சுத்தியலை எடுத்துக்கொள்வோம். அது விழுவதில் பொய்யே இல்லை. ஐந்து மீட்டர் உயரத்தில் கை நழுவினால் ஒரே விநாடியில் சுத்தியல் கீழே வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். புவியீர்ப்பைப் படம் தொடவில்லை. மண்டை உடையும் என்ற விதியை மட்டும் தள்ளி வைக்கிறது. நேசமணி பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்ததால்தான் 2019 மே மாதம் சமூக ஊடகங்களில் அவருக்காக அத்தனை பேர் சிரித்தபடியே பிரார்த்தனை செய்தார்கள்.

கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் 1949இல் திரைக்குக் கொண்டுவந்த கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு வேறு வகை. மலை விளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடும். குனிந்து பார்த்த பிறகுதான் விழும். உணர்ந்த பிறகே புவியீர்ப்பு வேலை செய்யும் உலகம் அது. சாரத்தில் நிற்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. 1985இல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் மேரியோ அந்தரத்தில் இருக்கும்போதே போகும் திசையை மாற்றிக்கொள்வார். உந்தித் தள்ள எதுவும் இல்லாத இடத்தில் நிஜ உடம்பால் அப்படித் திசை மாற முடியாது. ஆனால் அவரும் பள்ளத்தில் விழுந்தால் ஓர் உயிர் போகும். கையில் இன்னும் உயிர் மிச்சமிருக்கும் என்பதுதான் ஆட்டத்தின் தைரியம்.

இந்தச் சிரிப்புக்கு மொழியும் தடையில்லை. நம் வட்டாரம் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை. இப்போது இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. 1957இல் கே.வி. ரெட்டி 'மாயா பஜார்' படத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார். கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகவே எழும்பி அவர் வாய்க்குள் போகும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் அந்தக் கேமரா வித்தைக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. கார்ட்டூன் பூனை டாமுக்கும் எலி ஜெர்ரிக்கும் அப்படித்தான். ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் ஒடிசாக் குழந்தையும் பொன்னேரிக் குழந்தையும் ஒரே நொடியில் சிரிக்கின்றன.

நம் வட்டாரத் தொழிற்சாலைகளின் பாதுகாப்பு வகுப்புகளில் நேசமணி காட்சியைப் போட்டுக் காட்டலாம் என்பது நம் கோரிக்கை. சுத்தியல் அந்தரத்தில் இருக்கும்போது படத்தை நிறுத்துங்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் அடுத்து என்ன ஆகும் என்று தொழிலாளிகளையே சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சுவரொட்டியைவிடவும் தெளிவாக அவர்கள் சொல்வார்கள். பள்ளிப் பௌதிக ஆசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள்: கயோட்டி எங்கே விழுந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளை வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த இதழுக்கு கிரேன் ஓட்டுபவர்களும், சுமை தூக்குபவர்களும், ஃபர்னஸ் ஷிஃப்டில் நிற்பவர்களும் எழுத வேண்டும். எந்தக் காட்சி சிரிக்க வைத்தது, எந்தக் காட்சியில் சிரிக்க முடியவில்லை என்று எழுதுங்கள். ஒடியாவிலோ இந்தியிலோ இருந்தாலும் மொழிபெயர்த்து வெளியிடுவோம்.