முதலில் மாதம், பிறகு ஊர்



கோடை விடுமுறை நெருங்கும்போது வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: “குடும்பத்தோடு ஒரு வாரம் இலங்கை போகிறோம், எந்தப் பக்கம் போகலாம்?” பல கடிதங்களில் ஒரு பயணத் திட்டமும் இருக்கும். கொழும்பு, கண்டி, நுவரெலியா, காலி, மறுபடி கொழும்பு.

தமிழ்நாட்டின் பரப்பில் பாதிதான் இலங்கை. அதனால் முழுவதையும் ஒரே வாரத்தில் சுற்றிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நடுவில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள் நிற்கின்றன. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. வளைந்து வளைந்து ஏறிச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். குழந்தைகள் வேனிலேயே வாடிப்போவார்கள். ஒரு பயணத்துக்கு ஒரு பகுதி போதும் என்பதே என் யோசனை.

எந்தப் பகுதி என்பதைக் காற்று சொல்லிவிடும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் மலையகத்தின் மேற்குச் சரிவையும் நனைக்கும். மலையைத் தாண்டும்போது அதில் ஈரம் இருக்காது. கிழக்குக் கரையில் அது கச்சான் காற்றாக, வறண்டு சுடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழ்: வடக்கிலும் கிழக்கிலும் வாடை மழை, தெற்கில் தெளிந்த வானம். பொங்கல் விடுமுறையில் போகிறவர்களுக்குக் காலி, மிரிஸ்ஸ கடற்கரைகள் ஏற்றவை. சிவனொளிபாதமலை யாத்திரையும் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. நவம்பரிலும் கிழக்குப் பக்கம் வேண்டாம். 1978-இல் மட்டக்களப்பைச் சிதைத்த புயல் அந்த மாதத்தில்தான் வந்தது.

மே மாதம் என்றால் தயங்காமல் கிழக்கைத்தான் சொல்வேன். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடல் அப்போது குளம்போல் அடங்கிக் கிடக்கும். நிலாவெளியிலிருந்து படகில் சற்றுத் தொலைவில் புறாத்தீவு. அங்கே இடுப்பளவு நீரிலேயே பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் பார்க்கலாம். பாறைகள் மேல் தயவுசெய்து கால் வைக்காதீர்கள், அவை உயிருள்ளவை. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள்ளாகச் செல்கிறது. 1620-களில் போர்த்துக்கீசர் அந்தக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்று அங்கே புள்ளிமான்கள் உலவுகின்றன, மேலே சுவாமி மலையில் மறுபடி கோயில் நிற்கிறது.

அங்கிருந்து தெற்கே மட்டக்களப்புக்குக் கடலோரச் சாலை. கிண்ணியாவில் 2009-இல் பாலம் வரும்வரை அந்தக் கடவையைப் படகில்தான் தாண்ட வேண்டியிருந்தது. மூதூர், வாகரை, பாசிக்குடா என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள். மட்டக்களப்பில் எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்குங்கள். நிலா நாளானால் இரவில் வாவிக்குப் போங்கள். கல்லடிப் பாலத்தருகே துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது அந்த ஊரின் பெருமை. இன்னும் தெற்கே போனால் மருதமுனையில் கைத்தறிச் சேலை கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அங்குள்ள நெடுந்தீவுக்கே ஒரு முழு நாள் வேண்டும். ஆடி, ஆவணியில் இருபத்தைந்து நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவுக்குத் தனியாகப் போங்கள்.

மே மாதத்தில் இன்னொன்றும் உண்டு. போர் முடிந்த 2009 மே 18-ஐ ஒட்டிய நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். உங்கள் கையில் ஒரு சிரட்டையைக் கொடுத்தால் நின்று வாங்கிக் குடியுங்கள். கேமராவை எடுக்காதீர்கள். அரிசியும் நீரும் உப்புமாகப் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்களின் உயிரைப் பிடித்து வைத்த உணவு அது. குழந்தைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

போகும் வழி பற்றி: சென்னையிலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் உண்டு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023-இல் தொடங்கியது. கடல் நிலையைப் பொறுத்து இடையிடையே நிற்கும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு வருகிறவர் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டும், எந்தக் கரையில் குளிக்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்