ஓர் அடிப் பெரிய கோயில்

போன ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழித்தபோது ஒரு தப்பு செய்தேன். பையனின் அலமாரியில் ஒட்டடைக் குச்சியை விட்டதில், மேல் தட்டிலிருந்த குட்டி விமானம் விழுந்து இறக்கை ஒடிந்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிறான். 'ஸ்பிட்ஃபயர்' என்ற இரண்டாம் உலகப் போர் விமானம் அது. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தான்.

"பொம்மைதானேடா, வேற வாங்கித் தர்றேன்" என்றேன். அது இரண்டாவது தப்பு. அவன் கத்தவில்லை. எல்லா மாடல்களையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டான்.

பிறகுதான் அது என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1:72 என்றால் நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுவார். இங்கிலாந்தில் டெல்ஃபோர்டு என்ற ஊரில் வருடா வருடம் நவம்பரில் இதற்கென்றே பெரிய கண்காட்சி நடக்கிறது. கே.கே. நகரிலிருந்து டெல்ஃபோர்டுக்குக் காரில் போக முடியுமா? "தஞ்சாவூருக்குப் போவோம்" என்றார் இவர்.

ஞாயிறு விடியற்காலை மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டைப் பிடித்தோம். திருப்பத்தூர், திருமயம், புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் பெரிய கோயில். அடுத்து, நெட்டி வேலை செய்பவர் ஒருவரின் வீடு.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலை தெரியும்தானே? அதே நெட்டிதான். குளம், ஏரிகளில் வளரும் செடி. தண்டைக் காயவைத்து மேல்தோலைச் சீவினால், உள்ளே தந்தம்போல வெள்ளைத் தக்கை. அதைக் கத்தியால் நறுக்கி, ஒட்டி, கோயில்கள் செய்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அடி உயரத்தில் பெரிய கோயில் விமானம். பையன் போனை எடுத்துக் கணக்குப் போட்டான். "அம்மா, நிஜ விமானம் சுமார் 216 அடி. அப்ப இது 1:216. இந்த அளவுல நீ எவ்ளோ இருப்ப தெரியுமா? எட்டு மில்லிமீட்டர்கூட இல்ல. ஒரு நெல்லு!"

பெரியவர் சிரித்தார். "நமக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது தம்பி. கண்ணளவுதான்."

பேசிக்கொண்டே சீவியதில் ஒரு துண்டு ஒடிந்தது. அவர் அதை ஒதுக்கிவிட்டு வேறு துண்டு எடுத்தார். பையன் மெதுவாகக் கேட்டான்: "முழுசா செஞ்சு முடிச்சதை யாராவது ஒடிச்சிட்டா என்ன செய்வீங்க தாத்தா?"

எனக்குத் தொண்டை அடைத்தது.

"வருத்தமாத்தான் இருக்கும். ஆனா செஞ்ச கைக்கு மறந்தா போயிரும்? நெட்டி கிடைக்கிறவரைக்கும் செய்யலாம். குளம் வத்திப்போனா நெட்டிக்கு எங்க போறது? என் கவலை அதுதான்."

உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கோயில் வாங்கினோம். காற்றைப்போலக் கனமே இல்லை. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் "மெதுவாங்க!" என்று நான் கத்த, பையன் அதை மடியில் வைத்துப் பிடித்தபடி வந்தான்.

புதுக்கோட்டை தாண்டியதும் சொன்னேன்: "அன்னைக்கு அதைப் பொம்மைன்னு சொன்னது தப்புடா. மன்னிச்சுக்கோ."

பதில் இல்லை. திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே கேட்டான்: "இதை அட்டையில செஞ்சா எந்த அளவுல செய்யலாம்மா?"

எனக்கு என்ன தெரியும்? "நீதான் சொல்லணும்" என்றேன்.

மறுவாரம் பரணிலிருந்து பெட்டி இறங்கியது. ஸ்பிட்ஃபயர் இறக்கையை ஒட்டிவிட்டான். ஒட்டிய கோடு மட்டும் தெரிகிறது. அதன்மேல் பெயின்ட் அடிக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஏதாவது இருக்கும். தூசி தட்டுவதற்கு முன், செய்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'பொம்மைதானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.