மனத்துக்கும் ஓர் அளவுகோல்

ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. சர்க்கரையை அளக்கவும் இருக்கிறது. மனம் எப்படி இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியக் கிளை 1998-ல் இதற்கு ஐந்தே கேள்விகளை வகுத்தது. கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகமாக இருந்தீர்களா, அமைதியாக இருந்தீர்களா, சுறுசுறுப்பு இருந்ததா, தூங்கி எழும்போது களைப்பு நீங்கியிருந்ததா, அன்றாட வாழ்வில் ஈடுபாடு இருந்ததா என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தத்தை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வரும். 50க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்று பொருள். வியாதி என்று பொருளல்ல.

நம் நாட்டில் 2015-16ல் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. பெரியவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரிந்தது. பெருநகரங்களில் இது அதிகம். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. ஆய்வில் தமிழ்நாடு இடம் பெற்றது. கர்நாடகம் இடம் பெறவில்லை.

இது அரிய பணி. எனினும் அது எண்ணியது நோயைத்தான். எஞ்சிய சுமார் 90 பேரும் நலமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியுமா? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஓர் அறையில் நாலு பேராகத் தங்கி, ஊரிலிருந்து போன் வந்தால் "நல்லா இருக்கேன்" என்று ஒரே பதிலைச் சொல்லும் நம்மவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

இனி எடுக்கும் கணக்குகளில் நோயோடு நலத்தையும் கேட்க வேண்டும். வீடு வீடாகச் செல்லும் கணக்கு, லாட்ஜிலும் கட்டட வேலைக் கொட்டகையிலும் இருப்பவரை எளிதில் தவற விடும். அங்கும் போக வேண்டும். கடையில் பேரம் பேச அரைகுறை மொழி போதும். மனத்தைத் திறக்கத் தாய்மொழி வேண்டும். மேஸ்திரியோ மேலதிகாரியோ பக்கத்தில் நிற்க, யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். பதில் ரகசியமாக இருக்கும் என்ற உறுதி அவசியம்.

கணக்கெடுப்பவர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதற்கும் முன்னால், அறையில் உடன் இருப்பவரிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "நன்றாகத் தூங்கினாயா?" என்றும் கேட்போம்.