கேள்வித்தாளைப் பிரித்துக் காட்ட வாருங்கள்

தோழர்களே,

அரையாண்டு முடிந்தது, பொங்கலும் முடிந்தது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் நீட். குன்னத்திலும் செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் ஆண்டிமடத்திலும் பிளஸ் டூ உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பது சில வாரங்கள்தான். பாடம் அவர்களுக்குத் தெரியும். மார்க் எப்படி விழுகிறது, எப்படிப் பறிபோகிறது என்பதைப் பலருக்கு யாரும் சொன்னதில்லை. கோச்சிங் சென்டரில் பணம் கட்டியவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடும் செய்தி இது. ரகசியமும் இல்லை, பெரிய வித்தையும் இல்லை. ஒரு பழைய கேள்வித்தாளும் இரண்டு மணி நேரமும் போதும். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பெரம்பலூர், அரியலூர் என்ற நம் மாவட்டங்களைப் பின்தங்கியவை என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். தேர்ச்சிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 2022 பிளஸ் டூவில் மாநிலத்தில் முதலிடம் பெரம்பலூர், 97.95 விழுக்காடு. 2023 பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூர்தான், 97.67. 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர், 97.31. 2025 பிளஸ் டூவில் மீண்டும் அரியலூர், 98.82. சின்ன வெங்காயக் காட்டிலும் முந்திரிக் கொல்லையிலும் சிமெண்ட் ஆலையிலும் கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து பிடித்துக் கொடுத்த இடம் இது. மார்தட்டிக்கொள்வோம், தப்பில்லை.

ஆனால் அந்த விழுக்காடு எதை அளக்கிறது? உயிரியல் பாடத்துக்கு நூறு மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 15 வாங்கி, மொத்தத்தில் 35 வந்துவிட்டால் தேர்ச்சி. செய்முறையையும் அகமதிப்பீட்டையும் ஒழுங்காக முடித்த பிள்ளைக்கு 70-க்கு 15 எடுத்தாலே போதும். 98.82 என்பது இந்தக் கோட்டைத் தாண்டியவர்களின் கணக்கு. மருத்துவம், செவிலியம், வேளாண்மை என்று மேலே போக நினைக்கும் பிள்ளைக்கு இந்தக் கோடு எந்த மூலைக்கு? அங்கே ஒவ்வொரு மார்க்கும் ஆளை முன்னும் பின்னும் தள்ளும்.

இது நம் மண்ணுக்குத் தெரியாத பாடமும் அல்ல. செந்துறை பக்கத்துக் குழுமூரில் பிறந்த அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017 பிளஸ் டூவில் 1200-க்கு 1176. தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வை ஒழித்த சட்டம் 2006-இல் வந்தது. அதன்பின் உயிரியலை நூறாகவும் இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகவும் சுருக்கி இருநூறுக்குக் கட்-ஆஃப் பார்த்துவந்தார்கள். அந்தக் கணக்கில் அனிதாவுக்கு 196.75. மருத்துவராகியிருப்பார். அந்த 2017-இல்தான் கணக்கை மாற்றினார்கள். நீட்டில் அவர் எடுத்தது 86. உச்ச நீதிமன்றம் வரை போய் நின்று வழக்காடினார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு அவர் பெயர். 2022 ஜனவரியில் திறந்த அந்தக் கல்லூரியில் அவர் படித்திருக்க முடியாது. அவர் ஊர்ப் பிள்ளைகள் படிக்கலாம்.

அனிதாவின் அறிவில் குறை இருந்ததாக எவனாவது சொன்னால் அவனோடு எனக்குப் பேச்சில்லை. ஒரு கணக்குக்குத் தயாரான பிள்ளையை இன்னொரு கணக்கில் நிறுத்தினார்கள். அவ்வளவுதான் நடந்தது, அதுதான் அநியாயம்.

“நீட்டை எதிர்க்கும் நாமே அதற்குச் சொல்லிக்கொடுப்பதா?” என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2021 செப்டம்பரில் சட்டமன்றம் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். இந்தச் சண்டை நீளும், நாமும் விடப்போவதில்லை. நிலத் தகராறு கோர்ட்டில் இருக்கிறது என்பதற்காக ஆடிப்பட்டத்தில் விதைக்காமல் விடுகிறோமா? தெருவில் கொடி பிடிப்பவர்களும் நாம்தான், திண்ணையில் கேள்வித்தாளைப் பிரிப்பவர்களும் நாம்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர் பெரும்பாலும் இரண்டையும் செய்யாதவராக இருப்பார்.

சரி, என்ன சொல்லிக்கொடுப்பது?

பொதுத்தேர்விலிருந்து தொடங்குங்கள். 70 மதிப்பெண்ணில் உயிரி-தாவரவியலுக்குப் பாதி, உயிரி-விலங்கியலுக்குப் பாதி. இரண்டு 35-க்கும் ஒரே அச்சு. ஒரு மார்க் கேள்வி எட்டு, எல்லாம் எழுத வேண்டும். இரண்டு மார்க்கில் ஆறு கொடுத்து நான்கு கேட்பார்கள். மூன்று மார்க்கில் ஐந்து கொடுத்து மூன்று கேட்பார்கள், அதில் ஒன்று கட்டாய வினா. ஐந்து மார்க் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘அல்லது’ உண்டு. எட்டு, எட்டு, ஒன்பது, பத்து. இதைப் பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைக் கொண்டே கூட்டச் சொல்லுங்கள். நேரத்தை அவர்களே பங்கு போடுவார்கள். தாவரவியலை அழகழகாக எழுதி ஒன்றேமுக்கால் மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, விலங்கியலில் ஐந்து மார்க் கேள்வியை அரைகுறையாக விட்டு வரும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தாவரவியலும் 35, விலங்கியலும் 35 என்று மண்டையில் ஏறிவிட்டால் அந்தத் தப்பு நடக்காது.

மார்க் ஒழுகும் இடங்களைக் காட்டுங்கள். ஒரு மார்க் கேள்விக்கு அ, ஆ, இ, ஈ என்ற எழுத்தையும் எழுத வேண்டும், விடையையும் எழுத வேண்டும். இரண்டில் ஒன்று தப்பானால் பூஜ்யம். விடை தெரிந்தும் எழுத்தை மாற்றிப் போட்டுக் கோட்டைவிடுவது எவ்வளவு கொடுமை! கட்டாய வினா எந்த எண்ணில் நிற்கிறது என்று முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற நான்கில் மூன்றை நன்றாக எழுதிவிட்டு அதைத் தொடாமல் வந்தால் மூன்று மார்க் போச்சு. ஐந்து மார்க் விடையைப் பத்தி பத்தியாக நீட்டினால் திருத்துபவர் பாயிண்டைத் தேட வேண்டும். வரிக்கு ஒரு பாயிண்டாகத் தனித்தனியே எழுதினால் அது தானாகக் கண்ணில் படும். படம் பென்சிலில், பாகம் குறித்து. இங்கே நெகட்டிவ் மார்க் கிடையாது, ஆகவே காலியாக விட்ட இடம் என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது.

‘புக் பேக் போதும்’ என்று யாராவது சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ளூ பிரிண்ட் போய் வருஷங்கள் ஆகின்றன. பாடத்தின் நடுவில் இருக்கும் வரியிலிருந்தும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் நமக்கு ஒரு வசதியும் உண்டு. பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ப் போன மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. 2024-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய கரைவெட்டி ஏரிக்கு வலசைப் பறவைகள் வந்து இறங்கும் காலம் இது. பரிணாமமும் சூழலியலும் படிக்க இதைவிட நல்ல வகுப்பறை எந்த நகரத்துக் கோச்சிங்கில் இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள். புதைபடிவம் உண்டாகும் விதத்தை அப்புறம் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அடுத்து நீட். 180 கேள்வி, 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. மொத்தத்தில் சரிபாதி, 360, நம் பாடம். இடையில் சில ஆண்டுகள் 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை கேட்டார்கள், 200 நிமிடம் கொடுத்தார்கள். 2025-இல் அந்தச் சலுகை போய்விட்டது. 180 நிமிடம், 180 கேள்வி, எல்லாமே கட்டாயம். பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு 34 விடை எழுதிப் பழகிய கை, அதே மூன்று மணி நேரத்தில் 180 வட்டங்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரியான விடைக்கு 4. தப்பான விடைக்கு ஒன்று குறையும். விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. ஆக, சரிக்கும் தப்புக்கும் இடையில் ஐந்து மார்க் தூரம். இங்கேதான் நம் ஊரில் ஓர் அரைகுறை அறிவுரை உலவுகிறது: ‘சந்தேகம் வந்தால் தொடாதே.’ கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடையும் ஒரே மாதிரித் தெரியும் கேள்விகள் நான்கை எடுத்துக் கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. நான்கில் மூன்று போக மிச்சம் ஒன்று. அதற்காக அடிவயிறு கலங்க வேண்டியதில்லை, விட்டுவிடலாம். ஆனால் இரண்டு விடை நிச்சயம் இல்லை என்று அடித்துவிட்டு, மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பிள்ளை வந்துவிட்டால்? அப்படிப்பட்ட இரண்டு கேள்விக்குச் சராசரியாக ஒன்று சரி, ஒன்று தப்பு. மிச்சம் மூன்று. அதைத் தொடாமல் வருவது நஷ்டம். உயிரியலில் நம் பிள்ளைகள் பாதி விடைகளை அடித்துவிடும் அளவுக்குப் படித்தவர்கள். பயத்தில் விட்டுவிடுகிறார்கள். 60 சரி, 10 தப்பு, 20 காலி என்றால் 230. அந்த 20-ஐயும் யோசித்துத் தொட்டு, பாதி சரியாகி 70 சரி, 20 தப்பு என்றால் 260. முப்பது மார்க்! அதற்குப் புதிதாக ஒரு வரிகூடப் படிக்க வேண்டாம்.

இரண்டு பேர் ஒரே மார்க் எடுத்தால் முதலில் பார்ப்பது உயிரியல் மார்க்கைத்தான். இதையும் சொல்லுங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பட்டியலில் நம் பிள்ளை போட்டியிடுவது தன்னைப் போன்ற இன்னொரு அரசுப் பள்ளிப் பிள்ளையோடு. அங்கே ஐந்து மார்க் என்பது சின்ன எண் அல்ல.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2018 நீட் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் பிழை. வழக்கு போட்டது அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து, பிறகு தள்ளியும்விட்டது. மொழிபெயர்த்தவன் செய்த தப்புக்குத் தண்டனை படித்தவனுக்கு. இன்றும் தமிழ்க் கேள்விக்கும் ஆங்கிலக் கேள்விக்கும் முரண் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும் என்பது விதி. தமிழ்த் தாள் கேட்டவர்களின் கேள்விப் புத்தகத்தில் இரண்டு மொழியும் இருக்கும். ஒரு கேள்வி தமிழில் விநோதமாகத் தெரிந்தால் உடனே ஆங்கில வரிக்குக் கண் போக வேண்டும். அதற்கு இப்போதே வேலை செய்யுங்கள்: பாடப் புத்தகத்தின் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் பென்சிலால் அதன் ஆங்கிலப் பெயரை எழுத வையுங்கள். தமிழ்வழியில் படித்ததற்காக எந்தப் பிள்ளையும் கூனிக்குறுக வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்.

ஆசிரியர் தோழர்களே, உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. முன்பெல்லாம் பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீட் இரண்டு வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்கிறது. செல், திசு, விலங்குகளின் உடற்செயலியல், தாவரச் செயலியல் என்று அடித்தளமெல்லாம் பதினொன்றில் கிடக்கிறது. பழைய பழக்கம் மறுபடி முளைத்தால் அடி விழுவது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு. உங்கள் பள்ளியில் அது நடக்கவிடாதீர்கள். நடந்தால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

இனி வேலை. ஓய்வுபெற்ற விலங்கியல், தாவரவியல் ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். கதவைத் தட்டுங்கள், தட்டினால் வருவார்கள். கல்லூரியில் இளங்கலை, முதுகலை படிக்கும் தம்பி தங்கைகள் வார இறுதியில் ஊருக்கு வரும்போது ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளட்டும். உள் ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்தவர்கள் எங்கே படித்தாலும் சரி, விடுமுறையில் வந்து ஒரு மாலை பேசுங்கள். நீங்கள் வந்து நின்றாலே பாதிப் பயம் போய்விடும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தோழர்களே, ஓ.எம்.ஆர். தாள் மாதிரியை நகல் எடுத்துக் கொடுங்கள். வட்டம் கறுப்பதை ஒரு முறைகூடச் செய்து பார்க்காமல் தேர்வறைக்குள் போகும் பிள்ளை நம் மாவட்டங்களில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிளை நூலகமோ சமுதாயக் கூடமோ கோயில் மண்டபமோ, விளக்கு எரியும் எந்த இடமும் போதும். பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி நேரம் வையுங்கள். நீட் அன்று பிற்பகல் ஒன்றரைக்கு வாசல் மூடிவிடும் என்பதால், மையம் தூரத்தில் விழுந்த பிள்ளைகளுக்கு வேன் யார் பிடிப்பது என்று ஏப்ரலிலேயே பேசி வையுங்கள்.

கூடும் இடத்துச் சுவரில் 104 என்ற உதவி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மனம் சோர்ந்த பிள்ளை எந்த நேரத்திலும் அழைத்துப் பேசலாம். முடிவு வரும் வாரத்தில் தேர்வு எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் நம்மில் ஒருவர் நேரில் போக வேண்டும். மார்க் என்னவென்று கேட்க அல்ல, சாப்பிட்டாயா என்று கேட்க. அந்தப் பட்டியலை முதல் கூட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை உங்கள் ஊரில் யார் யார் உயிரியல் குரூப் என்று விசாரித்துப் பெயர் எழுதுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்காரவையுங்கள். போன மார்ச் கேள்வித்தாள் ஒன்று, போன மே கேள்வித்தாள் ஒன்று, கறுப்புப் பால்பாயிண்ட் பேனா ஒரு பெட்டி. கிளம்புங்கள், தோழர்களே!