முன் வைத்த காலைப் பின் வைக்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

"முன் வைத்த காலைப் பின் வைக்காதே" என்பது நம் ஊர்த் திண்ணைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை. போர்க்களத்து வீரனுக்கு அது பொருந்தலாம். பயிற்சிக்கூடத்து மாணவனுக்கும் பொருந்துமா? தவறு நேர்ந்தால் தன் உயிரோடு பிறர் உயிரும் போகும் தொழிலைக் கற்பவனுக்குப் பொருந்துமா? விமானிப் பயிற்சியைப் பாதியில் விட்டவர்களுக்குப் பிறகு யார் வேலை கொடுப்பார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை உண்டு. பொறியியலை ஓராண்டில் விட்டு வந்தவர், பாலிடெக்னிக்கைப் பாதியில் நிறுத்தியவர், வேறு பாடம் தொடங்கி மாறியவர் என்று பலர் நம் வகுப்புகளிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் அவர்களை நோக்கி வரப்போகும் முதல் கேள்வி, "ஏன் விட்டீர்கள்?" என்பதுதான். அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் விமானத் துறை. ஆகவே அங்கிருந்து தொடங்குவது நலம்.

வானம் வசப்படும் வழி

அவனியாபுரத்துக்கு மேலே தாழப் பறந்து இறங்கும் விமானத்தை அண்ணாந்து பார்க்காத மதுரைச் சிறுவன் உண்டா? ஆனால் அந்த இருக்கையில் அமரும் வழி நீண்டது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அவற்றைப் படிக்காதவர்கள் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக எழுதித் தேறுவதுண்டு. கலை, வணிகவியல் மாணவர்களுக்கும் கதவைத் திறக்கலாமா என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. அதன் பிறகு மருத்துவச் சோதனை, வானிலையியல், வழிகாணல், விமான விதிகள் முதலிய தேர்வுகள், 200 மணி நேரப் பறப்பு. இவ்வளவும் முடிந்தால்தான் வணிக விமானி உரிமம். அதற்கு மேல், ஓட்டப்போகும் விமான வகைக்கென்று தனிப் பயிற்சி வேறு.

இதற்கு ஆகும் செலவு பல லட்சங்களில் தொடங்குகிறது. விமான நிறுவனங்களோடு இணைந்த பயிற்சித் திட்டங்களில் ஏறத்தாழ ஒரு கோடியை எட்டுகிறது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் குடும்பம் இந்தப் பணத்தை எப்படிப் புரட்டும்? நிலம் அடமானத்துக்குப் போகும், அம்மாவின் நகை வங்கிக்குப் போகும். "எங்கள் பையன் பைலட்டுக்குப் படிக்கிறான்" என்ற பெருமை மட்டும் ஊர் முழுக்க உலா வரும்.

பாதியில் ஏன் நிற்கிறார்கள்?

நிற்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். கண்ணிலோ காதிலோ இருதயத்திலோ குறை தெரியவந்து நிற்பவர் உண்டு. பணம் தீர்ந்து நிற்பவர் உண்டு. ஒரே நேரத்தில் பத்துக் கருவிகளைக் கவனித்து நொடியில் முடிவெடுக்கும் ஆற்றல் தமக்கு வரவில்லை என்று உணர்ந்து நிற்பவரும் உண்டு. சில வேளைகளில் நிறுவனமே நின்றுவிடுகிறது. கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் பறப்பதை நிறுத்தின. அங்கே வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் செய்த பிழை என்ன?

பயிற்சிப் பள்ளியை விடுவதும், விமான நிறுவனம் தந்த பயிற்சியை விடுவதும் ஒன்றல்ல. பள்ளியை விட்டால் இழப்பு பெரும்பாலும் நம்முடையது. பறந்த மணிகளுக்கும் தேறிய தேர்வுகளுக்கும் காலவரம்பு இருப்பதால், நாள் கடத்தினால் அவையும் பயனற்றுப் போகலாம். நிறுவனத்தை விட்டால் ஒப்பந்தமும் சட்டமும் குறுக்கே வரும். 2017-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்த விதிப்படி கேப்டன்கள் ஓராண்டும் துணை விமானிகள் ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுத்தே விலக வேண்டும். பழைய நிறுவனத்தின் தடையில்லாச் சான்று புதிய வேலைக்குத் தேவைப்படுகிறது. 2023-ல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகினார்கள் என்று அந்நிறுவனம் நீதிமன்றம் வரை சென்றது. சொல்லிவிட்டுப் போவதற்கும் சொல்லாமல் போவதற்கும் இடையே எத்தனை தூரம் என்பதற்கு இதுவே சான்று.

மறைத்தவர்களின் கதை

இனி நம் கேள்வியின் மையத்துக்கு வருவோம். வேலைக்கு எடுப்பவர்கள் அஞ்சுவது பாதியில் விட்டதைக் கண்டா, அதை மறைத்ததைக் கண்டா?

2019 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் அட்லஸ் ஏர் நிறுவனத்தின் போயிங் 767 சரக்கு விமானம் நீர்நிலையில் விழுந்தது. அதில் இருந்த மூவரும் மாண்டனர். விமானத்தை அப்போது இயக்கிய துணை விமானி, முன்பு இரண்டு நிறுவனங்களில் தொடக்கப் பயிற்சியை முடிக்காமலே விலகியவர் என்றும், அந்த இரண்டையும் விண்ணப்பத்தில் எழுதாமல் மறைத்தவர் என்றும் விசாரணையில் தெரியவந்தது. பயிற்சிக் குறைகளை எல்லா நிறுவனங்களும் பார்க்கும்படி ஒரே பதிவேட்டில் வைக்க வேண்டும் என்று, 2009-ல் பஃபலோ அருகே 50 பேர் மாண்ட விபத்துக்குப் பிறகு அந்நாட்டு நாடாளுமன்றம் 2010-லேயே சட்டம் செய்திருந்தது. அதற்கான முழு விதி வெளிவந்ததோ 2021-ல்!

நம் நாடும் இதற்கு விலக்கல்ல. போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் சிலர் 2011-ல் பிடிபட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று எண்ணியவர்கள் அவர்கள்.

இவர்கள் செய்தது குற்றமே. ஆயினும் ஏன் மறைக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டாமா? "இந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லை" என்று ஓர் இளைஞன் நேர்மையாகச் சொன்னால், "பாதியில் ஓடி வந்தவன்" என்று பட்டம் சூட்டுகிறோம். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் அவன் தலை காட்ட முடிவதில்லை. அவன் விண்ணப்பம் குப்பைக் கூடைக்குப் போகிறது. இதைக் கண்ட அடுத்தவன் என்ன செய்வான்? ஒன்று, மறைப்பான். அல்லது தகுதியில்லை என்று தெரிந்தும் கடனுக்கு அஞ்சித் தொடர்வான். இரண்டிலும் ஆபத்து பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் பயணிக்குத்தான். விலகுவதை அவமானமாக்கும் சமுதாயம், தகுதியற்றவர்களைத் தானே விமானத்தில் ஏற்றி அனுப்புகிறது என்பதே என் கருத்து.

பாண்டு பத்திரம்

"பயிற்சிக்குப் பணம் செலவிட்ட நிறுவனத்தின் கதி என்ன?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1967-ல் உச்ச நீதிமன்றம், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பயிற்சி பெற்றுவிட்டு இடையில் போட்டி நிறுவனத்துக்குச் சென்ற ரேயான் ஆலை ஊழியர் ஒருவரை, ஒப்பந்தக் காலம் தீரும்வரை அங்கே பணியாற்றக் கூடாது என்று தடுத்தது சரியே என்றது. 2025 மே மாதத்தில், மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடே பெறலாம் என்கிறது. பத்திரத்தின் நோக்கம் நட்டத்தை ஈடுகட்டுவதே. ஆளைக் கட்டிப்போடுவது அன்று. உழைத்த ஆண்டுக்கு ஏற்ப அந்தத் தொகை குறைந்துகொண்டே வருவதுதான் முறை.

செய்ய வேண்டியவை

நம்மவர்க்குச் சில வார்த்தைகள். முதல் தவணை கட்டும் முன்னே மருத்துவச் சோதனையையும் திறனறித் தேர்வையும் முடித்துவிடுங்கள். கிணற்றைப் பாதி தாண்ட முடியாது. அதன் அகலத்தை நிலம் விற்கும் முன்னரே அளந்து பார்ப்பது அறிவுடைமை. வள்ளுவர் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்தது வீணுக்கல்ல. பணம் திரும்பக் கிடைக்குமா, எப்போது, எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலக நேர்ந்தால் விரைவில் விலகுங்கள். முன்னறிவிப்புக் கொடுத்து, பாக்கி தீர்த்து, பறந்த மணிகளின் பதிவேட்டையும் சான்றையும் கையில் பெற்றுக்கொண்டு வெளியேறுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அதை இரண்டு வரியில் உள்ளபடி எழுதுங்கள்.

வேலை கொடுப்பவர்களுக்கும், நற்சான்று எழுதும் நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஏன் விட்டாய்?" என்று கேளுங்கள், ஆனால் பதிலையும் கேளுங்கள்! இராமேசுவரத்து அப்துல் கலாம் விமானப்படை விமானி ஆக விரும்பி டேராடூன் தேர்வில் ஒன்பதாவதாக வந்தார். இருந்த இடங்களோ எட்டு. அந்தக் கதவு மூடியதை அவர் தம் நூலில் வெளிப்படையாக எழுதினார். அவருக்காக வேறொரு வானம் திறந்தது. எல்லாரும் கலாம் ஆக முடியாதுதான். ஆனால் ஒரு கதவு மூடியதை ஒளிக்காமல் சொல்லும் உரிமை எல்லாருக்கும் வேண்டும்.

முன் வைத்த காலைப் பின் வைப்பது கோழைத்தனம் என்று நினைத்தது போதும். ஓடுபாதை போதாது என்று தெரிந்ததும், இறங்காமல் விமானத்தை மீண்டும் மேலே தூக்கிச் செல்பவனையே நல்ல விமானி என்கிறார்கள். நிலத்தில் நடக்கும் நம் இளைஞனுக்கும் அந்த மதிப்பைக் கொடுப்போம்.