எல்லாவற்றிலும் ‘மோர்’ ஊற்றலாமா?

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு ஓ.எம்.ஆரில் ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது. இரவு ஷிப்ட், அமெரிக்க வாடிக்கையாளர்கள். பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளோடு வந்தாள். “அங்கிள், ‘ஸ்பீக் மோர் ஸ்லோலி’தான் சரின்னு இதுல போட்டிருக்கு. ஆனா லைன்ல வர்றவங்க பாதிப் பேர் ‘ஸ்பீக் ஸ்லோயர்’னு சொல்றாங்க. அவங்க ஊர் இங்கிலீஷே தப்பா?”

தப்பில்லை. தாளும் தப்பில்லை. தாளில் இருப்பது எழுத்து ஆங்கிலம், லைனில் வருவது வாய் ஆங்கிலம். ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்று ஒப்பிடும்போது, பேச்சில் குட்டையான ‘அர்’ விகுதிக்குத்தான் மவுசு. சத்தமாகப் பேசச் சொல்ல ‘ஸ்பீக் லவுடர்’, மலிவாக வாங்கியதைச் சொல்ல ‘ஐ காட் இட் சீப்பர்’. பள்ளிக்கூடத்தில் நமக்கு வினையடை என்றாலே ‘லி’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் ‘லி’ இல்லாத எதைப் பார்த்தாலும் யாரோ சோம்பேறித்தனமாக வெட்டிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

கதை அப்படியில்லை. பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ஓர் எகர ஒலியைச் சேர்த்தாலே வினையடை ஆகிவிடும். காலப்போக்கில் அந்தக் கடைசி ஒலி தேய்ந்து விழுந்தது. இரண்டும் ஒரே உருவமாக நின்றுவிட்டன. ஒப்பீட்டிலும் பெயரடைக்கு ஒரு விகுதி, வினையடைக்கு இன்னொரு விகுதி என்று இருந்தது. அவையும் தேய்ந்து ஒரே ‘அர்’ ஆயின. ‘ஸ்லோயர்’, ‘லவுடர்’ எல்லாம் இந்த வழியில் வந்தவை. ‘லி’ இன்னொரு கிளை. உடல், உருவம் என்று பொருள்பட்ட ஒரு பழஞ்சொல்லிலிருந்து பிறந்து, பிறகு வீடு முழுக்க ஆக்கிரமித்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் அதற்குப் பட்டாவும் கொடுத்தார்கள். பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லவுத், 1762இல் எழுதிய இலக்கண நூலில் பெயரடையை வினையடையாகப் புழங்குவது முறையல்ல என்று கண்டித்தார். ஜனங்கள் கேட்கவில்லை. 1997இல் ஆப்பிள் ‘திங்க் டிஃபரன்ட்’ என்று விளம்பரம் செய்தபோதும் இலக்கணப் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். நம் நெடுஞ்சாலை ஓரத்து ‘கோ ஸ்லோ’ பலகையும் அதே கட்சிதான். அதைப் படித்துவிட்டு யாரும் பிரேக் போடாமல் போனதில்லை, அல்லது வேறு காரணத்தால் போனார்கள்.

அதற்காக எல்லாச் சொல்லுக்கும் ‘அர்’ ஒட்டாது. ‘கேர்ஃபுலர்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘டிரைவ் மோர் கேர்ஃபுலி’தான். ‘பொலைட்லி’, ‘ஆஃபன்’ போன்றவற்றுக்கும் ‘மோர்’தான் துணை. ‘ஏர்லி’ மட்டும் வாலில் ‘லி’யை வைத்துக்கொண்டே ‘ஏர்லியர்’ ஆகும்.

ஒரே சொல் இரண்டு வேடமும் போடும் இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. கிணறு தோண்டினால் ‘டிக் டீப்பர்’. துக்கத்தை உணர்ந்தால் ‘ஃபீல் மோர் டீப்லி’. குதித்தால் ‘ஹையர்’, ஒருவரை மதித்தால் ‘மோர் ஹைலி’. பக்கத்தில் வந்து உட்காரச் சொல்ல ‘சிட் குளோசர்’. கணக்கை நுணுக்கிப் பார்க்கச் சொல்ல ‘மோர் குளோஸ்லி’. டேப் வைத்து அளக்கக்கூடிய ஆழம், உயரம், தூரம் என்றால் ‘அர்’ பக்கம் சாயும்; மனசு சம்பந்தப்பட்டால் ‘மோர்’ பக்கம் சாயும். சட்டமில்லை, சாய்வுதான். இலக்கணப் புத்தகங்கள் இதை ஒரு மூலையில் ஒதுக்கிவிடுகின்றன. என்னைக் கேட்டால் முதல் பக்கத்தில் போட வேண்டியது.

‘ஹார்ட்’ விஷயத்தில் மட்டும் சாய்வெல்லாம் இல்லை, பள்ளம். அதிகம் உழைத்தால் ‘வொர்க் ஹார்டர்’. ‘லி’ சேர்த்து ‘ஐ ஹார்ட்லி வொர்க்ட்’ என்று நேர்முகத் தேர்வில் சொன்னால், “நான் வேலை பார்த்ததே அபூர்வம்” என்று வாக்குமூலம் கொடுத்ததாக ஆகிவிடும். எதிரே இருப்பவர் நல்லவராக இருந்தால் சிரிப்பார்.

ஒலிம்பிக் வாசகத்தைப் பாருங்கள். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த கூபெர்த்தான் 1894இல் முன்வைத்தது; திதோன் என்ற டொமினிக்கன் சபைப் பாதிரியாரிடமிருந்து எடுத்தது. ‘சிட்டியுஸ், அல்டியுஸ், ஃபோர்ட்டியுஸ்’ என்ற லத்தீன் சொற்கள் மூன்றையும் ஒப்பீட்டு வினையடைகளாகவே படிக்கிறார்கள். இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக, இன்னும் வலுவாக. ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர்’ என்று வைத்தார்கள். முதல் இரண்டும் வினையடையாக நிற்கும். மூன்றாவதைப் பள்ளி இலக்கணம் பெயரடை என்றுதான் சொல்லும். வினையடை வேண்டுமென்றால் ‘மோர் ஸ்ட்ராங்லி’. மைதானத்தில் இதைக் கத்திப் பாருங்கள், ஓடுகிறவரே நின்று திரும்பிப் பார்ப்பார். 2021இல் டோக்கியோவில் ‘டுகெதர்’ என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தபோதும் ‘ஸ்ட்ராங்கர்’ மேல் யாரும் கை வைக்கவில்லை.

நம்மவர்கள் இடறுவது வேறு இடத்தில். தமிழில் “அவன் என்னைவிட வேகமாக ஓடுகிறான்” என்றால் ஒப்பீட்டுச் சுமை முழுக்க ‘விட’ தலையில். ‘வேகமாக’ அசையாமல் அப்படியே இருக்கும். கூடுதலாக அழுத்த ஓர் ‘இன்னும்’ போட்டால் போதும். அந்த ‘இன்னும்’தான் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘மோர்’ ஆகி, ஏற்கெனவே ‘அர்’ வாங்கிய சொல்லின் முன்னால் போய் உட்காருகிறது: ‘மோர் ஃபாஸ்டர்’, ‘மோர் பெட்டர்’. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இந்த இரட்டை ஒப்பீடு உண்டு, ஆனால் அவர் இன்று வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. அந்த ‘இன்னும்’ வேண்டுமென்றால் ‘ஈவன் ஃபாஸ்டர்’, நிறைய என்றால் ‘மச் ஃபாஸ்டர்’, ‘எ லாட் ஃபாஸ்டர்’. ‘ஃபாஸ்ட்லி’ என்று இன்றைய ஆங்கிலத்தில் ஒன்று கிடையாது என்பதையும் அந்தப் பெண்ணின் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.

“அப்போ ‘தேன் மீ’யா, ‘தேன் ஐ’யா?” என்றாள். பேச்சில் ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்டர் தேன் மீ’ தாராளமாகப் போகும். ‘தேன் ஐ’ என்று மொட்டையாக நிறுத்தினால் கோட்டு சூட்டு போட்டதுபோல விறைப்பு. ‘தேன் ஐ டூ’ என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வாக்கியத்தில் அன்பு வந்துவிட்டால் கவனம் வேண்டும். ‘ஷி லவ்ஸ் த டாக் மோர் தேன் மீ’ என்றால், என்மேல் இருப்பதைவிட நாய்மேல் அவளுக்குப் பிரியம் அதிகம் என்றும் எடுக்கலாம். நாய்மேல் எனக்கிருப்பதைவிட அவளுக்குப் பிரியம் அதிகம் என்றும் எடுக்கலாம். இரண்டாவதைத்தான் சொல்ல வந்தீர்கள் என்றால், அந்த ‘டூ’வைச் சேர்த்து ‘தேன் ஐ டூ’ என்று சொல்லிவிடுங்கள்.